வாசகர் கேள்வி – பதில்: ஊருக்குள் நிற்கும் கால்பந்து அரங்கம்

சென்ற இதழில், துருக்கியின் இஸ்தான்புல் மாநகரில் பெஷிக்தாஷ் பகுதியில் உள்ள கால்பந்து அரங்கத்தின் படத்தைச் சிறு குறிப்புடன் வெளியிட்டிருந்தோம். ஒரு பக்கம் அரண்மனை, எதிரே கடல், நடுவில் வட்டமான வெண்கூரை என்று இருந்த அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த மாதம் பதில் எழுதுகிறேன்.

அரண்மனைக்கும் கடலுக்கும் நடுவே, ஊரின் மையத்தில், அவ்வளவு பெரிய அரங்கத்துக்கு எப்படி இடம் கிடைத்தது, அம்மா?
*– மஞ்சக்குப்பம், கடலூர்*

அது புதிதாக இடம் தேடிக் கட்டப்பட்ட அரங்கமல்ல. பெஷிக்தாஷ் என்பது பொஸ்போரஸ் நீரிணையின் ஐரோப்பியக் கரையில் உள்ள ஒரு வட்டத்தின் பெயர். 1903-ஆம் ஆண்டு அங்கே தொடங்கப்பட்ட விளையாட்டுக் கழகத்துக்கும் அதே பெயர்தான். அரங்கத்துக்கு எதிரே இருப்பது டோல்மாபாச்செ அரண்மனை. 'டோல்மா' என்றால் நிரப்பியது, 'பாச்செ' என்றால் தோட்டம். முன்பு கப்பல்கள் நின்ற சிறு விரிகுடா ஒன்றை மண் கொட்டி நிரப்பித் தோட்டமாக்கிய இடம் என்பதால் அந்தப் பெயர் வந்தது. துறைமுகம் வந்த பின் கடற்கரை மணலை இழந்து, கருங்கற்களைக் கொட்டிக் கரையைக் காத்துக்கொண்டிருக்கும் புதுச்சேரிக்காரர்களுக்குக் கடலிடமிருந்து நிலம் வாங்குவதும் கடலிடம் நிலம் கொடுப்பதும் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

அரண்மனையின் குதிரை லாயங்கள் இருந்த இடத்தில், இத்தாலியக் கட்டடக் கலைஞர் பாவோலோ வியெத்தி-வியோலியும் இரண்டு துருக்கியக் கலைஞர்களும் வடிவமைத்த அரங்கம் 1947-இல் திறக்கப்பட்டது. துருக்கியின் இரண்டாவது குடியரசுத் தலைவரான இனோனுவின் பெயர் 1973-இல் அதற்குச் சூட்டப்பட்டது. ஏறத்தாழ 32,000 பேர் அமரக்கூடிய அந்த அரங்கத்தை 2013-இல் இடித்துவிட்டு, அதே பள்ளத்தில், ஏறத்தாழ 42,000 பேருக்கான புதிய அரங்கத்தைக் கட்டி 2016 ஏப்ரலில் திறந்தார்கள். நீங்கள் படத்தில் பார்த்தது அதைத்தான்.

பழையதை இடித்துவிட்டு அதே நெருக்கடியான இடத்தில் கட்டுவதற்குப் பதிலாக, நிலம் மலிவாகக் கிடைக்கும் புறநகரில் இன்னும் பெரிதாகக் கட்டியிருக்கலாமே? நம் ஊர்களிலும் பேருந்து நிலையம் முதல் அலுவலகம் வரை எல்லாவற்றையும் புறவழிச்சாலைக்குத்தானே கொண்டுபோகிறார்கள்?
*– வில்லியனூர், புதுச்சேரி*

இந்தக் கேள்விக்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்; அந்த அரங்கத்தைப் பற்றிப் பேச வேண்டியதில் பாதி இதற்குள் அடங்கிவிடுகிறது.

ஊருக்கு வெளியே கட்டிப் பார்த்த அனுபவம் இஸ்தான்புல்லுக்கு முன்பே உண்டு. ஒலிம்பிக் போட்டியை நடத்தும் வாய்ப்பைப் பெற வேண்டும் என்ற எண்ணத்தில், நகரின் மேற்கு விளிம்பில், 70,000-க்கும் மேற்பட்ட இருக்கைகளுடன் அதாதுர்க் ஒலிம்பிக் அரங்கம் கட்டப்பட்டு 2002-இல் திறக்கப்பட்டது. 2005-இல் லிவர்பூலும் மிலானும் மோதிய ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி, முதல் பாதியில் 0–3 எனப் பின்தங்கிய லிவர்பூல் 3–3 எனச் சமன் செய்து பெனால்டியில் வென்ற அந்தப் புகழ்பெற்ற ஆட்டம், அங்கேதான் நடந்தது. ஆனால் அன்று அந்த அரங்கத்துக்கு மெட்ரோ ரயில் கிடையாது. அந்தத் தடம் வந்தது 2013-இல். ஆட்டத்தை விட்டு வெளியே வந்தவர்கள் நள்ளிரவில் ஒரே சாலையில் நெரிசலில் நின்றார்கள். ஓட்டப்பந்தயப் பாதை ஆடுகளத்தைச் சுற்றி வருவதால் பார்வையாளருக்கும் பந்துக்கும் இடையே பெரிய இடைவெளி. திறந்த வெளியில் இருப்பதால் ஓயாத காற்று. கலாதாசராய் கழகம் 2003–04 பருவத்தை அங்கே ஆடிப் பார்த்துவிட்டு, நகருக்குள் இருந்த தன் பழைய சிறிய அரங்கத்துக்கே திரும்பிவிட்டது.

அந்தக் கழகமே பிறகு 2011 ஜனவரியில் நகரின் வடக்கே சேய்ரான்தெபே என்ற இடத்துக்கு, 50,000-க்கும் மேற்பட்டோர் அமரும் புதிய அரங்கத்துக்குக் குடிபெயர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே மெட்ரோ ரயில் உண்டு. கூட்டமும் குறைவில்லாமல் வருகிறது. ஆகவே வெளியே போவதே பிழை என்று நான் சொல்லவில்லை. போக்குவரத்தை முதலில் போட்டுவிட்டுப் பிறகு அரங்கத்தைக் கட்டினால் தாங்கும். அரங்கத்தை முதலில் கட்டிவிட்டுப் போக்குவரத்தைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றால் தாங்காது.

பெஷிக்தாஷ்காரர்கள் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். பழைய அரங்கம் இடிபட்ட பின் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அந்த அணி சொந்த வீடில்லாமல் அலைந்தது. ஒலிம்பிக் அரங்கம், அங்காரா, கோன்யா என்று பிறர் மைதானங்களில் 'உள்ளூர்' ஆட்டங்களை ஆடியது. வாடகை வீட்டில் இருந்துகொண்டு சொந்த வீட்டை இடித்துக் கட்டும் குடும்பம் படும் பாடுதான். அதைப் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம், ஊர்ச்சந்தையிலிருந்து அரங்கம் வரை நடந்து போகும் வழக்கத்தை அவர்கள் விட்டுக்கொடுக்க விரும்பாததுதான்.

என் மகள் இஸ்தான்புல்லில் பணிபுரிந்த காலத்தில் அந்த நடையை நானும் நடந்திருக்கிறேன். பெஷிக்தாஷ் சந்தைக்குள் கழகத்தின் சின்னமான கழுகுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். ஆட்டம் தொடங்க மூன்று மணி நேரம் இருக்கும்போதே அதன் கீழே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. மீன்கடைக்காரர் முதல் கல்லூரிப் பிள்ளைகள் வரை கறுப்பு வெள்ளைத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, எள் ஒட்டிய வளைய ரொட்டியை ஒரு கையிலும் சிறு கண்ணாடிக் குவளைத் தேநீரை மறு கையிலும் பிடித்தபடி நிற்கிறார்கள். பிறகு யாரும் சொல்லாமலே கூட்டம் நகரத் தொடங்குகிறது. அரண்மனை மதிலை ஒட்டிய சாலையில் இருபுறமும் ஓங்கி வளர்ந்த மரங்களின் கீழே, கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நடை. எனக்கு முன்னால் ஒரு தாத்தா, முழங்கால் வலிக்காரர் போலும், பேரனின் தோளைப் பற்றிக்கொண்டு நடந்தார். மூன்று இடங்களில் நின்றார். மூன்று இடங்களிலும் அவரைக் கடந்து போனவர்கள் வேகத்தைக் குறைத்து, வணக்கம் சொல்லிவிட்டே போனார்கள். தேர்த் திருநாளில் வடம் பிடிக்கப் போகும் வழியில் திருப்பாதிரிப்புலியூர்த் தெருக்களில் நான் பார்த்த காட்சி அது. புறவழிச்சாலையோரத்து அரங்கத்துக்கு அந்தத் தாத்தா வந்திருக்க மாட்டார்.

டிக்கெட் வாங்க வசதியில்லாதவர்கள் அந்த அரங்கத்தில் ஆட்டத்தைப் பார்க்க முடியுமா? நாங்கள் சிறுவயதில் மதில்மேல் ஏறித்தான் பார்த்தோம்.
*– கடலூர் முதுநகர்*

உங்களைப் போன்றவர்களுக்கு அங்கே ஒரு குன்றே இருந்தது. பழைய அரங்கத்தை ஒட்டி மேலே எழும் சரிவில் நின்றால் ஆடுகளம் தெரியும். ஆட்ட நாட்களில் காசில்லாதவர்கள் அங்கே கூடுவார்கள். அதற்கு 'பெலெஷ்தெபே', அதாவது 'ஓசிக் குன்று' என்றே பெயர் வைத்திருந்தார்கள். புதிய அரங்கத்தின் உயர்ந்த மாடங்களும் கூரையும் சுற்றிச் சூழ்ந்த பிறகு அந்தப் பழைய காட்சி போய்விட்டது. புதிய அரங்கத்தில் எனக்குள்ள ஒரே மனக்குறை இதுதான். 42,000 இருக்கைகளைக் கணக்குப் பார்த்துப் போட்டவர்கள், குன்றில் நின்றவர்களைக் கணக்கில் எடுத்திருக்கலாம்.

அந்தக் குன்றுக்கு இன்று வேறு பெயர். 2016 டிசம்பர் 10 அன்று, ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, அரங்கத்துக்கு வெளியே நடந்த குண்டுவெடிப்புகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கூட்டத்துக்குக் காவல் நின்ற காவலர்கள். அதன்பின் அது 'தியாகிகள் குன்று' ஆயிற்று.

டிக்கெட் முறையும் மாறிவிட்டது. 2014 முதல் துருக்கியின் முதல்நிலை லீக் ஆட்டங்களுக்குத் தாளில் அச்சிட்ட சீட்டு செல்லாது. அடையாள எண்ணுடன் இணைந்த மின்னட்டை இருந்தால்தான் கதவு திறக்கும். வன்முறையைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்று அரசு சொன்னது. தங்களைக் கண்காணிக்கும் ஏற்பாடு என்று ரசிகர் குழுக்கள் எதிர்த்து, தொடக்கத்தில் ஆட்டங்களைப் புறக்கணித்தன.

'ஸ்டேடியம்', 'அரினா', 'பார்க்' என்று ஒரே அரங்கத்துக்கு வெவ்வேறு பெயர்கள் வருகின்றனவே. எது சரி?
*– லாஸ்பேட்டை, புதுச்சேரி*

திறக்கும்போது விளம்பர ஒப்பந்தப்படி அது 'வோடஃபோன் அரினா'. 2017 மே மாதத்தில் குடியரசுத் தலைவர் எர்தோகான், 'அரினா' என்பது மனிதர்களை விலங்குகளுக்கு இரையாக்கிய ரோமானிய வட்டரங்கைக் குறிக்கும் சொல் என்றும், அது துருக்கி மொழிக்கு உரியதன்று என்றும் கூறி, அரங்கங்களின் பெயர்களிலிருந்து அதை நீக்கச் சொன்னார். உடனே 'வோடஃபோன் பார்க்' ஆனது. 2023 முதல் 'துப்ராஷ் ஸ்டேடியம்'. ஊர்மக்கள் பலர் இன்றும் 'இனோனு' என்றே சொல்கிறார்கள். தமிழில் நமக்கு இந்தத் தொல்லை இல்லை. கூத்துக்கும் ஆட்டத்துக்கும் கவிதைக்கும் பொதுவான 'அரங்கம்' என்ற சொல் நம்மிடம் இருக்கிறது.

ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு எங்கள் மைதானத்தில் பல நாள் தண்ணீர் நின்றது. அங்கே மழை பெய்தால் ஆட்டத்தை எப்படி நடத்துகிறார்கள்?
*– உப்பளம், புதுச்சேரி*

2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த அந்தப் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த அளவைத் தாங்கும் ஆடுகளம் உலகில் எங்கும் இருக்க வாய்ப்பில்லை. ஆனால் சாதாரண வடகிழக்குப் பருவமழைக்கே நம் மைதானங்கள் குளமாவதற்குக் காரணம் மழையன்று, மண்.

பெஷிக்தாஷ் போன்ற பெரிய அரங்குகளில் நாம் பார்க்கும் புல்லுக்குக் கீழே ஊர்மண் இருப்பதில்லை. ஏறத்தாழ ஓரடி ஆழத்துக்கு, பருமன் பார்த்துச் சலித்த மணல் இருக்கும். அதன்கீழே அரையடிக்குச் சற்றுக் குறைவாகச் சரளைக்கல். அதற்கும் கீழே, மீன் முள்ளைப் போல நடுவில் ஒரு பெரிய குழாயும், இருபுறமும் சில மீட்டர் இடைவெளியில் துளையிட்ட சிறு குழாய்களும் ஓடும். மேற்பரப்பும் தட்டையாக இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு நடுவில் உயர்ந்து ஓரங்களில் சரியும். மணலில் இறங்கும் நீர் சரளையை அடைந்து, குழாய் வழியே வெளியேறிவிடுகிறது. நம் ஊர்களில் களிமண்மேல் வண்டல் கொட்டி, ரோலர் விட்டு இறுக்கி, அதன்மேல் புல் நடுகிறார்கள். ரோலர் ஓட ஓட அது ஏரிக்கரை போல இறுகி, ஒரு சொட்டு நீரையும் உள்ளே விடுவதில்லை.

கடலோர ஊர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கெடிலமும் தென்பெண்ணையும் நிறைந்து ஓடும் நாட்களில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். அப்போது குழாயின் வாய் வெளியே இருக்கும் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டால், நீர் உள்ளே திரும்பி வரும். ஆகவே நம் பகுதியில் மைதானம் அமைப்பவர்கள் வடிகாலின் முடிவில் ஒரு கிணறும் மோட்டாரும் வைத்தே ஆக வேண்டும். ஒரு மழைக்காலத்தில் நான் பார்த்த மைதானத்தில், கோல் கம்பத்தின் முன்னால் கணுக்கால் அளவு நீரில் கொக்குகள் இரை தேடிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் மேடான ஒரு மூலையில் நான்கு செருப்புகளைக் கம்பங்களாக வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த மைதானத்துக்கு அந்த ஆண்டு புதிதாக ஓர் அலங்கார வளைவு கட்டியிருந்தார்கள்.

அவ்வளவு பெரிய கூட்டம் ஒரே நேரத்தில் வெளியேறினால் நெரிசல் ஏற்படாதா?
*– முத்தியால்பேட்டை, புதுச்சேரி*

கணக்கிட்டுக் கட்டினால் ஏற்படாது. பல நாடுகளில் பின்பற்றப்படும் பிரிட்டிஷ் வழிகாட்டு நூலின்படி, ஒரு மீட்டர் அகலமுள்ள படிக்கட்டில் நிமிடத்துக்கு 66 பேரும், சமதளப் பாதையில் 82 பேரும் கடக்கலாம். மாடத்திலிருந்து வெளியேற எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது. 42,000 பேரை எட்டால் வகுத்தால் நிமிடத்துக்கு 5,250 பேர். எல்லாரும் படிக்கட்டு வழியே இறங்குவதாகக் கொண்டால், மொத்தம் ஏறத்தாழ 80 மீட்டர் அகலத்துக்குப் படிக்கட்டுகள் வேண்டும். அது வட்டத்தைச் சுற்றிலும் பிரிந்திருக்க வேண்டும்.

ஆனால் அரங்கத்துக்குள் கணக்கு சரியாக இருந்தும் வாசலுக்கு வெளியே உயிர்கள் போகலாம் என்பதை, 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி அரங்கத்தின் வாயில்களில் 11 பேர் இறந்தபோது பார்த்தோம். துருக்கியும் 1967-இல் கைசேரி நகரில், ரசிகர் மோதலும் நெரிசலுமாக 40-க்கும் மேற்பட்டோரை இழந்த நாடுதான். ஊருக்குள் இருக்கும் அரங்கத்துக்கு இதில் ஒரு நன்மை உண்டு: பெஷிக்தாஷில் ஆட்டம் முடிந்ததும் ஒரு பகுதி சந்தையை நோக்கி நடக்கிறது, ஒரு பகுதி கபாதாஷ் டிராம் நிலையத்துக்கும் படகுத்துறைக்கும் போகிறது, இன்னொரு பகுதி மேடேறித் தக்சிம் சதுக்கத்துக்குப் போகிறது. வழி பல என்பதால் வெள்ளம் பிரிந்துவிடுகிறது.

அங்கே பெண்கள் ஆட்டம் பார்க்கப் போகிறார்களா? நான் மாவட்ட அணியில் ஆடுகிறேன். ஆட்டம் பார்க்கப் போனால் வீட்டில் திட்டுகிறார்கள்.
*– கல்லூரி மாணவி, கடலூர்*

போகிறார்கள், தங்கையே, நானே போனேன். 2011 செப்டம்பர் 20 அன்று, இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில், காதிக்கோய் வட்டத்தில் உள்ள ஃபெனர்பாச்செ அரங்கத்தில் நடந்ததைக் கேளுங்கள். ரசிகர்களின் ஒழுங்கீனத்துக்குத் தண்டனையாக வெற்று மாடங்களின் முன் ஆட வேண்டியிருந்த அந்த அணிக்கு, ஆண்களை மட்டும் தடுத்து, பெண்களையும் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் இலவசமாக அனுமதிக்கலாம் என்று கால்பந்துக் கூட்டமைப்பு விதியை மாற்றியது. 41,000-க்கும் மேற்பட்டோர் வந்துவிட்டார்கள். பெண்களுக்கு இதில் ஆர்வமில்லை என்ற பேச்சு அந்த மாலையோடு பொய்யாகிப்போனது.

பெஷிக்தாஷ் அரங்கத்திலும் ஒரு வரலாறு நடந்தது. 2019 ஆகஸ்ட் 14 அன்று லிவர்பூலும் செல்சியும் ஆடிய ஐரோப்பியச் சூப்பர் கோப்பை ஆட்டத்துக்குப் பிரான்சின் ஸ்தெஃபானி ஃபிராப்பார் நடுவராக இருந்தார். ஆடவருக்கான முக்கிய ஐரோப்பியக் கோப்பை ஒன்றை முடிவு செய்யும் ஆட்டத்துக்குப் பெண் ஒருவர் முதன்மை நடுவரானது அதுவே முதல் முறை. 2–2 எனச் சமனாகிப் பெனால்டி வரை போன அந்த ஆட்டத்தில் அவரது தீர்ப்புகளை இரு பயிற்சியாளர்களும் பாராட்டினார்கள்.

வீட்டில் திட்டினால், உங்கள் ஊர்க்காரர் இந்துமதி கதிரேசனைக் காட்டுங்கள். தமிழ்நாடு காவல் துறையில் உதவி ஆய்வாளரான அவர், 2024 பிப்ரவரியில் அதே துருக்கியின் அலான்யா நகரில் எஸ்தோனியாவை இந்தியா 4–3 என வென்றபோது ஒரு கோல் அடித்தவர். இந்திய மகளிர் லீகில் ஒரு முழு அணியையே களமிறக்கிய ஊர் கடலூர். உங்கள் பயிற்சி மைதானத்தில் தாழ்ப்பாள் உள்ள உடைமாற்றும் அறையும், தண்ணீர் வரும் கழிவறையும், மாலை ஆறரை மணிக்கு எரியும் விளக்கும் இருக்கின்றனவா என்று எனக்கு எழுதுங்கள். இல்லையென்றால் இதே பக்கத்தில் அதை எழுதுகிறேன்.

அரங்கத்துக்குள் நிறைய பொம்மைகள் கொட்டிக் கிடந்த ஒரு படத்தைப் பார்த்தேன். அது இந்த அரங்கம்தானா?
*– தேவனாம்பட்டினம், கடலூர்*

ஆம், இதே அரங்கம்தான். 2023 பிப்ரவரி 6 அன்று அதிகாலை 4 மணி 17 நிமிடத்துக்குத் தெற்குத் துருக்கியையும் சிரியாவையும் தாக்கிய நிலநடுக்கத்தில், துருக்கியில் மட்டும் 50,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மூன்று வாரம் கழித்து, பிப்ரவரி 26 அன்று, பெஷிக்தாஷ் அணி அந்தால்யா அணியுடன் ஆடியது. ஆட்டம் தொடங்கி 4 நிமிடம் 17 விநாடி ஆனதும் நிறுத்தப்பட்டது. நான்கு பக்க மாடங்களிலிருந்தும் ரசிகர்கள், வீட்டிலிருந்து கொண்டுவந்த கரடி பொம்மைகளையும் கம்பளித் தொப்பிகளையும் கழுத்துத் துண்டுகளையும் களத்துக்குள் வீசினார்கள். மேல் மாடத்திலிருந்து வீசியவை கீழே இருந்தவர்களின் கைக்கு வந்து, அங்கிருந்து மறுபடியும் வீசப்பட்டுக் கோட்டுக்குள் விழுந்தன.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு உங்கள் ஊருக்கு லாரிகளில் வந்த மூட்டைகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அரிசியும் போர்வையும் வந்தன, பாத்திரங்கள் வந்தன. அந்த நாட்களில் உங்கள் பகுதி முகாம் ஒன்றில் உதவிக்கு இருந்தபோது, மூட்டையின் அடியிலிருந்து ஒரு கை உடைந்த பிளாஸ்டிக் பொம்மையை எடுத்த சிறுமி, அன்று மாலை வரை அதைக் கீழே வைக்கவில்லை என்பதைப் பார்த்தேன். ஆகவே அந்தப் படத்தைப் பார்த்ததும் அவர்கள் ஏன் பொம்மையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

பொம்மைகளைச் சேகரித்து நிலநடுக்கப் பகுதிக் குழந்தைகளுக்கு அனுப்பினார்கள். களத்தை ஒழுங்குபடுத்திய பிறகு ஆட்டம் தொடர்ந்தது. 0–0 என முடிந்தது.